பாட் ஷாண்டாவ் படிக்கட்டும் அண்ணையின் செக் மொழியும்

எல்பே ஆறு, மணற்பாறை மலைகள், காட்டுப் பாதைகள் என்று பார்க்கத்தான் ஆட்கள் பாட் ஷாண்டாவுக்குப் போவார்கள். நான் ஒரு சனிக்கிழமை அங்கே போனது, என் அண்ணை ஒரு படிக்கட்டு ஏறுவதைப் பார்க்க.

இளவேனிலில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேர்லினின் நொய்கெல்னில் ஒரு இத்தாலிய உணவகத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பீட்சா மா உருட்டிய வலது கை, ஒரு காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க மறுத்துவிட்டது. வலது காலும் இழுபட்டது, நாக்கும் சரியாகப் புரளவில்லை. பெரியாஸ்பத்திரி முடிந்ததும், இங்கே எல்லோரும் றெஹா என்று சொல்கிற பயிற்சி நிலையத்துக்கு, செக் எல்லைப் பக்கமாக இந்த ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த திங்கட்கிழமை மருத்துவர் முடிவு சொல்வதாக இருந்தது. யாரும் பிடிக்காமல் படி ஏறினால் வீடு, ஏறாவிட்டால் பராமரிப்பு இல்லம். அவருடைய வீடோ மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவர் மனைவிக்கு, என் மச்சாளுக்கு, சனி ஞாயிறுதான் துப்புரவு வேலை என்பதால் நான் கிளம்பினேன்.

அண்ணை அங்கே போனதிலிருந்து எனக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும். "எக்சர்சைஸ், ஸ்விச்செனி. ரிப்பீட், ஓபகோவத். அகெய்ன், ஸ்னோவு." முதலில் மனுசனுக்கு மண்டையில் ஏதும் பிசகிவிட்டதோ என்று பயந்தே போனேன். விசாரித்தால், அவருக்குப் பயிற்சி கொடுக்கும் லெங்கா என்ற பெண் எல்லைக்கு அப்பாலிருந்து வேலைக்கு வருகிறவளாம். அவளுக்கு ஜேர்மன் நன்றாக வரும். அண்ணையின் ஜேர்மன்தான் அடுப்படி ஜேர்மன், அதிலும் பாதி இத்தாலியன். அதனால் இருவரும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். அவள் சொல்லும் ஒவ்வொரு ஆங்கில வார்த்தைக்கும் செக்கில் என்ன என்று கேட்காமல் இவர் காலைத் தூக்குவதில்லையாம். புரளாத நாக்குக்கு அதுவும் ஒரு பயிற்சி என்று அவளும் விட்டுவிட்டாள்.

போகிறவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். பேர்லின் பிரதான நிலையத்திலிருந்து பிராக் போகும் ரயிலில் ஏறினால் மாறத் தேவையில்லை, சுமார் இரண்டரை மணி நேரம். முன்கூட்டியே எடுத்ததால் எனக்கு ஒரு வழிக்கு 22 யூரோ 99. மாதப் பயணச்சீட்டான டொய்ச்லண்ட் டிக்கெட் இதில் செல்லாது, அதை வைத்திருப்பவர்கள் உள்ளூர் ரயில்களில் மாறி மாறித்தான் போக வேண்டும். டிரெஸ்டன் தாண்டியதும் ஆற்றுப் பக்கமாக, இடது கைப்பக்கம் உட்காருங்கள்.

ரயிலில் செக் மொழியிலும் அறிவிப்பார்கள். எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. உணவுப் பெட்டியில் வேலை செய்த செக்கரிடம், 'பிராக்டிஸ்' என்பதற்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டேன். எதைப் பழகப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். பியானோ, உடற்பயிற்சி என்றால் ஸ்விச்சித். பந்தாட்டம் என்றால் ட்ரேனோவத். தொழில் அனுபவம் என்றால் ப்ராக்ஸே. படி ஏறுவதற்கு என்றேன். கொஞ்சம் யோசித்து, அதற்கு நாங்கள் வார்த்தை வைத்திருக்கவில்லை, ஏறிவிடுவோம் என்றார். சிரிப்பு வந்தது.

நிலையம் ஆற்றின் ஒரு கரையில், ஊர் மறு கரையில். படகும் உண்டு, பஸ்ஸும் உண்டு. நான் படகில் போனேன். கையில் இடியப்பமும் சொதியும். "எடி, சாப்பாடு கட்டிக்கொண்டு வராதை" என்று அண்ணை சொல்லித்தான் இருந்தார். வெறுங்கையோடு நோயாளியைப் பார்க்கப் போக எங்களுக்கு வருமா?

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணை கட்டிலில் குனிந்து சப்பாத்து நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என் கை தானாகப் போய்க் கட்டிவிட்டது. போத்தல் மூடியைத் திறந்து கொடுத்தேன். ஜாக்கெட் போட்டுவிட்டேன். லெங்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வரை முன்னேறிய ஆட்கள், சொந்தக்காரர் வந்துபோனதும் திங்கட்கிழமை பின்னுக்குப் போய்விடுகிறார்கள் என்று ஜேர்மனில் சொன்னாள், கோபமில்லாமல். நான் கட்டிய நாடாவை அவிழ்த்து அண்ணையிடமே விட்டாள். அவர் கட்டி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்காது. நோயாளி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், பார்த்துக்கொண்டு நின்றவள் என்று காலத்துக்கும் பெயர் எடுக்க வேண்டும். பாசத்தை நாங்கள் கையால்தான் காட்டுவோம். லெங்கா என் சாப்பாட்டுப் பையையும் அண்ணையின் ஊன்றுகோலையும் என் இரண்டு கையிலும் தந்து, படிக்குக் கீழே நிற்கச் சொன்னாள்.

அண்ணை இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். அவள் ஒரு படி பின்னால், தொடாமல். பாதியில் வலது கால் தட்டுப்பட்டு உடம்பு சரிந்தது. நான் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். சொதி தரையில். என் கை அவர் முழங்கையைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தார்.

"விடு பிள்ளை. ஸாம்."

ஸாம் என்றால் தனியாக, தானாக என்று லெங்கா பிறகு சொன்னாள். அந்த வார்த்தையை அவர் எனக்கு அனுப்பியிருக்கவில்லை. கையை எடுத்தேன். அவர் மூச்சு வாங்கினார், காலைத் தூக்கினார், மேலே போனார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

போகிறவர்களுக்கு என் புத்திமதி இவ்வளவுதான். ஆற்றங்கரைக் காற்று குளிரும், தடித்த ஜாக்கெட் எடுங்கள். சொதி வேண்டாம். சொந்தக்காரரைப் பார்க்கப் போனால் கதை கொண்டுபோங்கள், கையை ஜாக்கெட் பைக்குள் வையுங்கள்.

திங்கட்கிழமை மருத்துவர் வீடு என்றார். அடுத்த சனி அண்ணை நொய்கெல்ன் வந்தார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்த மச்சாளும் நானும் பின்னால் ஏறினோம். இரண்டாம் மாடியில் நின்று, "ஓட்போச்சினெக்" என்றார், ஓய்வு. படியிலேயே உட்கார்ந்தார். பிறகு எழும்பி, "ஸ்னோவு" என்றார். மச்சாள் தன் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேலே போய் மச்சாள் கதவுத் திறப்பை எடுத்தாள். அண்ணை கையை நீட்டி அதை வாங்கினார், வலது கையால். திறப்பு ஓட்டைக்குள் போகவில்லை. மறுபடியும் போகவில்லை. கீழ்வீட்டுப் பெண் வெளியே வந்து என்ன பிரச்சினை என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னேன். என் கை இரண்டும் பைக்குள்தான் இருந்தன.