கண்ணாடிக்கு ஒருவர், காதுக்கு ஒருவர்

டௌலியூ நகரின் காய்கறிக்காரி தினமும் நெனித்தாவிடம் அக்கறையோடு, "எந்த வீட்டுக் கிழவியைப் பாத்துக்கறே?" என்று கேட்பாள். பிலிப்பைன்ஸ் முகத்துக்குத் தைவானில் அந்த ஊர் ஒதுக்கியிருந்த வேலை அதுதான். நெனித்தா உள்ளூர்க்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள், மாலைநேரப் பயிற்சிப் பள்ளியில் வருஷக்கணக்காக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் என்பதெல்லாம் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

அந்தப் பள்ளிக்குத் தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்கள் வகுப்பைப் பார்க்கலாம், கேட்க முடியாது. கல்வியின் தரத்தை அளக்க அது போதும் என்பது ஊரார் முடிவு. அப்படி நெனித்தாவை அளந்து பார்த்தவர்கள் பிள்ளைகளை எதிர்ப்பள்ளிக்கு மாற்றத் தொடங்கினார்கள்.

பள்ளியை நடத்தும் சுவாங் அம்மாள் பொய்யே சொல்லாதவர். போலந்திலிருந்து படிக்க வந்திருந்த தோமாஷ் என்ற மஞ்சள்முடி இளைஞனை வேலைக்கு வைத்தார். சுவரில் ஓர் அமெரிக்கக் கொடியை மாட்டினார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அவர் வாய் திறந்து சொன்னதே இல்லை.

"அவன் கண்ணாடிக்கு, நீ காதுக்கு," என்று நெனித்தாவுக்கு அலமாரிக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டார். அவள் அங்கிருந்தபடி பாடம் நடத்தினாள். வீடியோ கேம் ஆடி ஆங்கிலம் கற்ற தோமாஷ், கண்ணாடியருகே நின்று வாயசைத்துக் கைதட்டினான். போன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

கெடுத்தவர் சியே அம்மாள், பம்பளிமாஸ் மொத்த வியாபாரி. "பாத்தது போதும். சனிக்கிழமை நாங்கல்லாம் உள்ள வந்து உக்காந்து கேக்கறோம். அமெரிக்க உச்சரிப்பு எப்படின்னு தெரியணும்ல?"

சுவாங் அம்மாள் அலமாரிக்குப் பின்னால் வந்தார். "அவனைத் தேத்தி விடு."

"அவன் தேறிட்டா நான் எதுக்கு மேடம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றார், உண்மையே பேசுகிறவர்.

அவன் தோற்றால் பள்ளி போகும். ஜெயித்தால் அவள் வேலை போகும். அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். வாத்தியார் புத்தி விடவில்லை.

"அக்கா, வாக்கியம் முடியறப்ப ஏன் பாடறீங்க?" என்று கேட்டான் தோமாஷ்.

"யாருடா பாடினா? இங்கிலீஷே அப்படித்தான்."

அவள் பிறந்த இலோய்லோவில் சண்டையைக்கூடத் தாலாட்டுப் போலத்தான் போடுவார்கள்.

சனிக்கிழமை தோமாஷ் ஒவ்வொரு வாக்கியத்தையும் தொட்டிலில் போட்டு ஆட்டினான். தாய்மார்கள் உருகிப்போனார்கள். "அந்த ராகத்தைப் பாருங்க! அசல் அமெரிக்கா!" சுவாங் அம்மாளின் பார்வை அலமாரிப் பக்கம் போய், அந்த நாற்காலி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கணக்குப் போட்டது.

அப்போது சியே அம்மாளின் மகள் கை தூக்கினாள். "சார், பத்து மீன் இருந்தாலும் ஃபிஷ்தானா? ஏன் எஸ் வரலை?"

அவன் ஆடிய விளையாட்டுகளில் மீனே இல்லை. வழக்கம்போல வாயை மட்டும் அசைத்தான். பழக்கதோஷத்தில் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது, அதே தாலாட்டோடு.

சியே அம்மாள் எழுந்து எட்டிப் பார்த்தார். "அடேயப்பா! இவங்களுக்கும் அமெரிக்க உச்சரிப்பு தொத்திக்கிச்சே! சார்தானே கத்துக்குடுத்தாரு?"

"இல்லீங்க, அவங்கதான்..." என்று தொடங்கினான் தோமாஷ்.

நெனித்தா கொடியைப் பார்த்தாள். "சார்தாங்க," என்றாள். "ரொம்பப் பொறுமையா சொல்லித் தந்தாரு."

"பிலிப்பைன்ஸ்காரிக்கே வந்துடுச்சுன்னா எம் பொண்ணுக்கு வராதா? இவங்க எப்படிப் பிடிச்சாங்களோ அப்படியே சொல்லித் தரட்டும். தனி வகுப்பு வைங்க மேடம்!"

வைத்தார்கள். "அமெரிக்க உச்சரிப்பு கைவரப்பெற்ற நெனித்தா டீச்சர்" என்று வாசலில் பலகை. இப்போது கண்ணாடியருகே அவள் நிற்கிறாள். அலமாரிக்குப் பின்னால் தோமாஷ், மஞ்சள்முடி வெளியே தெரிய, உட்கார்ந்து மறுநாள் பாடத்தை முணுமுணுக்கிறான்.

தெருவோடு போன காய்கறிக்காரி இதையெல்லாம் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு மறுநாள் கேட்டாள்: "ஓ, அந்த வெள்ளைக்காரப் பையனைத்தான் பாத்துக்கறியா?"

"ஆமா," என்று கீரையைப் பையில் போட்டுக்கொண்டாள் நெனித்தா. "இப்பதான் பேசவே ஆரம்பிச்சிருக்கான்."