ஊருக்கு ஒரு காளை

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே எங்க ஊர். அறுப்பு முடிஞ்சா மாட்டையெல்லாம் அவுத்து விட்டுடுவோம். ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் எல்லார் மாடும் எல்லார் வயல்லயும் மேயும். அந்த மேய்ச்சல்லயே பசுவெல்லாம் சினையாயிடும். எந்தக் காளைன்னு யார் கேட்டா? கன்னு பொறந்தாச் சரி.

எங்கிட்ட ஒரு பசு இருந்துச்சு. கல்யாணத்துக்கு எங்கம்மா ஓட்டி விட்ட பசுவோட பேத்தி. அம்மா வீட்டுதுன்னு எனக்கு மிச்சம் இருந்தது அந்த வழி ஒண்ணுதான். அதுக்கு ஒரு கிடேரிக் கன்னு பொறக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன்.

அப்பத்தான் மாடு வளர்ப்புப் பயிற்சின்னு ஒரு டாக்டர் வந்தார். கண்ட காளையும் மந்தையில திரிஞ்சா கன்னு நோஞ்சானாத்தான் பொறக்கும், நல்ல காளையா ஒண்ணை ஊருக்கு வச்சுக்கிட்டு மத்ததைக் காயடிச்சிடுங்கன்னார். நல்ல பேச்சுதான். அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

காயடிக்கிற முகாம் அன்னிக்கு எல்லாரும் காளையை ஓட்டிக்கிட்டு வந்தாங்க. ஊருக்கு விடற காளை யாரோடதுன்னு டாக்டர் கேட்டார். ஆளாளுக்கு அடுத்தவனைக் காட்டினாங்க. மிஷின் அறுப்பு வந்ததுல இருந்து வைக்கோலைக் கட்டுக் கட்டா லாரிக்காரன் அள்ளிக்கிட்டுப் போயிடறான். இருக்கற வைக்கோலை ஊர்க் காளைக்குப் போட எவனுக்கு மனசு வரும்? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு நின்னாங்க.

சந்தையில வாங்கின எங்க மயிலைக் காளை நல்ல வாட்டமா இருந்துச்சு. "நம்முதை விட்டு வைங்களேன்"ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்.

"ஊருக்கே நாம மட்டும்தான் இளிச்சவாயனா?"ன்னுட்டு அதையும் ஓட்டிக்கிட்டுப் போய் நிறுத்திட்டார்.

சாயங்காலத்துக்குள்ள ஊர்ல ஒரு காளை பாக்கி இல்ல. பக்கத்து ஊருக்கும் அதே பயிற்சி, அதே கதை.

காளை இல்லாட்டி என்ன, சினை ஊசி இருக்கேன்னாங்க. பசு காளைக்குக் கத்தும். போன் போடுவேன். "நாளைக்கு வர்றேம்மா"ம்பார் ஊசிக்காரர். நாளைக்கு வரும்போது மாடு அடங்கிடும். ஒவ்வொரு தடவையும் இதேதான். கடைசியில மலட்டு மாடுன்னு பேர் வச்சாங்க. மலடாம். ஊரே சேர்ந்து பண்ணின காரியத்துக்கு என் பசு மலடு.

சும்மா திங்கற மாட்டை எதுக்கு வச்சிருக்கறதுன்னு வீட்டுக்காரர் வியாபாரிக்குப் பிடிச்சுக் கொடுத்துட்டார். கேரளாவுக்குப் போற லாரி. எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஏற மாட்டேன்னு அது முரண்டு பிடிச்சதைக் கேட்டுக்கிட்டே அடுப்படியில நின்னேன்.

மறு வருஷம் திரும்பவும் பயிற்சி. இந்தத் தடவை வேற டாக்டர், மாடு ஏன் சினை பிடிக்கலன்னு பாடம். தாது உப்பு கொடுங்க, அக்கறையாப் பாத்துக்கங்கன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சந்தேகம் இருந்தா கேளுங்கன்னார்.

நான் எழுந்திரிச்சேன். "எல்லாம் சரிங்க சார். ஊர்ல காளை எங்க இருக்கு?"

கூடமே சிரிச்சது. முதல்ல சிரிச்சது எங்க வீட்டுக்காரர்தான்.