காய்ச்சல் நாளும் கச்சேரி நாளும்

முதலில் வந்தது கொட்டாவிதான். அதிகாரியோடு லோயர் கேம்ப் பக்கம் ஒரு வாரம் முகாம் போய்விட்டு வந்த என் கணவர், இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஓயாமல் கொட்டாவி விட்டார். "அங்கன கொசு தூங்க விடல போல" என்று கேலி செய்தேன். அரை மணி நேரத்தில் பல் கிட்டிக்க நடுங்க ஆரம்பித்தார். போர்வை, ஜமக்காளம், என் சேலைகள் என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் மேலே போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. பிறகு கொதிக்கும் சூடு, அதன் பிறகு வியர்வை. மறுநாள் காலையில் எதுவும் நடக்காதவர்போல எழுந்து, சவரம் செய்துகொண்டு கச்சேரிக்குப் (சர்க்கார் ஆபீசுக்குப்) போனார்.

அவர் சர்க்கார் குமாஸ்தா. எந்த ஊர், எந்தக் கச்சேரி என்று நான் சொல்லப்போவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கச்சேரி, யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு. அவ்வளவு போதும். வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் அவரையும் ஒரு கண்ணால் காலண்டரையும் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தக் காய்ச்சலுக்கு ஒழுங்கு உண்டு. இரண்டு நாள் நன்றாக இருப்பார். மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு நடுக்கம் வந்துவிடும். டாக்டர் அதை முறைக்காய்ச்சல் (நாள் கணக்குத் தவறாமல் திரும்பி வரும் மலேரியா) என்றார். மண்ணீரல் (இடது விலாவுக்கு அடியில் இருக்கும் உறுப்பு, இந்தக் காய்ச்சலில் வீங்கும்) கைக்குத் தட்டுப்படுகிறது என்றும் சொல்லி, கொயினா (இதற்கென்றே உள்ள கசப்பு மருந்து) கொடுத்தார்.

இங்கே என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். கொயினா சூடு, உடம்பை உருக்கிவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். எட்டாம் வகுப்பு வரை படித்த நானும் அதை நம்பினேன். மூன்று வேளை கொடுக்கச் சொன்ன மருந்தை ஒரு வேளை கொடுத்து, மேலே மோரைக் கொடுத்துக் குளிர்ச்சி செய்தேன். காய்ச்சல் இரண்டு முறை வராமல் இருந்தால் மருந்தையே நிறுத்திவிடுவேன். ஒரு மாதம் சும்மா இருக்கும், பிறகு பழையபடி இரண்டு மணிக்கே வரும். அவரைப் பல மாதம் படுக்க வைத்ததில் கொசுவுக்குப் பாதிப் பங்கு, எனக்குப் பாதிப் பங்கு.

முதலில் முழுச் சம்பளத்துடன் லீவு கொடுத்தார்கள். அது தீர்ந்ததும் அரைச் சம்பள லீவு. அதுவும் தீர்ந்ததும் சம்பளம் இல்லாத லீவு, அது மூன்று மாதத்துக்கு மேல் கிடையாது. அந்த மூன்று மாதமும் முடியப்போகும் வாரத்தில், திங்கட்கிழமை சாயங்காலம், ஹெட் குமாஸ்தா வீட்டுக்கு வந்தார். என் கணவர் காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்ததால் வாசலில் நின்று என்னிடம் பேசினார். வயதானவர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர்.

"தாயி, வியாழக்கிழமையோட லீவு முடியுது. வெள்ளிக்கிழமை காலையில, உடம்பு தேறிருச்சுன்னு டாக்டர் சர்ட்டிபிகேட்டோட வந்து கையெழுத்துப் போடணும். இல்லாட்டி பேரை எடுத்துருவாக."

"இன்னும் ஒரு மாசம் கேட்டுப் பாக்கக் கூடாதா?"

"கேட்டாச்சு. கிடையாதுன்னு மேல இருந்து எழுதிட்டாக."

"பென்ஷனு?"

"அதுக்கு வருஷம் பத்தாது தாயி."

சொந்த ஊரான அனுமந்தன்பட்டியில் என் கணவருக்கு இருந்த நிலத்தை, தன்னைப் படிக்க வைத்த அண்ணனுக்கே முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பிப் போக இடம் கிடையாது. நான் காலண்டரை எடுத்துவைத்துப் பார்த்தேன். இன்று திங்கள், காய்ச்சல். அடுத்தது வியாழன். நடுவில் புதன்கிழமை அவர் நன்றாக இருப்பார். பழைய டாக்டர் மாற்றலாகிப் போய், புதியவர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவர் என் கணவரைப் பார்த்ததே இல்லை. புதன்கிழமை அவரிடம் காட்டி, உடம்பு தேறிவிட்டது என்று சர்ட்டிபிகேட் வாங்கிவிடலாம். யோசனை முழுக்க என்னுடையது.

மண்ணீரல் ஒன்றுதான் இடைஞ்சல். அப்போது அது வீங்கி, விலாவுக்குக் கீழே இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை முழுவதும் ஒத்திகை பார்த்தோம். அவரைப் படுக்க வைத்து, பழைய டாக்டர் செய்ததுபோல விலா ஓரத்தில் விரலை வைத்து அழுத்துவேன். மூச்சை நன்றாக இழுத்தால் அது இறங்கி வந்து விரலில் முட்டும். இழுக்காமல் தோளை மட்டும் தூக்கினால் அவ்வளவாகத் தெரியாது.

"இழுக்காதீக, இழுக்குற மாதிரி தோளைத் தூக்குங்க" என்றேன்.

"லீவு வேணும்னு நோயாளியா நடிக்கிறவனைப் பார்த்திருக்கேன்" என்று சிரித்தார். "நான்தான் இப்படி."

இருவருமே சிரித்தோம். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

புதன்கிழமை டாக்டர் அவருடைய நாக்கைப் பார்த்தார், உஷ்ணமானி வைத்தார், வயிற்றை அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னார். இவர் தோளைத் தூக்கினார். "ரத்தம் கொஞ்சம் குறைவு. வேலை பார்க்கலாம்" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். கதவுக்கு வெளியே நின்று கேட்ட நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வேலையில் சேர்ந்தார். காய்ச்சலின் அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. சாமியே பார்த்துச் செய்தது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்தது புதன்கிழமை. காஷுவல் லீவு என்று வருஷத்துக்குச் சில நாட்கள் உண்டு, அதில் ஒன்றைப் போட்டோம். ஒன்றரை மாதத்தில் அந்த நாட்களும் தீர்ந்துபோயின. ஞாயிறோ பண்டிகையோ காய்ச்சலோடு சேர்ந்து வந்தால் ஆடுவேன், வராவிட்டால் அழுவேன். காலண்டரில் காய்ச்சல் நாட்களுக்கு நான் போட்ட புள்ளிகளைப் பார்த்து, விரத நாளா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

லீவு இல்லாத காய்ச்சல் நாட்களில் அவர் காலையிலேயே அன்றைய வேலையை முடித்துவிடுவார். ஒன்றேமுக்கால் மணிக்கு ரிக்கார்டு ரூமுக்குள் போய், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் தரையில் படுத்துக்கொள்வார். மேலே போர்த்திக்கொள்ள, கட்டுகளைச் சுற்றி வைத்திருக்கும் சிவப்புத் துணிகள். ஹெட் குமாஸ்தா கதவைச் சாத்திவிடுவார்.

"இன்னைக்கு அவரு நடுங்குன நடுக்கத்துல அலமாரி கடகடன்னு ஆடுது தாயி" என்று ஒருநாள் அவரே வந்து சொன்னார். "அதிகாரி அய்யா என்ன சத்தம்னு கேட்டாக. எலின்னு சொன்னேன். அப்ப பூனை வளக்கணும்னாக."

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்போம். நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. உடம்பு நன்றாக இருக்கிறது என்று சர்ட்டிபிகேட் வாங்கியவர், அதைக் கொடுத்த டாக்டரிடமே போய் மருந்து கேட்க முடியாது. ஊரில் இருந்தது அந்த ஒரே ஆஸ்பத்திரி. மருந்து வாங்கினால் சர்ட்டிபிகேட் பொய் என்று ஆகும், வேலை போகும். வாங்காவிட்டால் ஆளே போய்விடுவார். வேலையைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரை மருந்தில்லாத அறைக்குள் தள்ளி நானே கதவைச் சாத்தியிருந்தேன்.

தபாலாபீசில் கொயினா பொட்டலம் விற்பார்கள். உள்ளூரில் வாங்கப் பயந்து, பஸ் ஏறிக் கூடலூருக்குப் போனேன். "யாருக்கு?" என்று கேட்ட போஸ்ட்மாஸ்டரிடம் "எனக்குத்தான்" என்றேன். அடிக்கடி போனால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன். அந்தக் கொஞ்சத்தையும் காய்ச்சல் நாட்களில் மட்டும் கொடுத்தேன். மண்ணீரல் நான்கு விரல் இறங்கிவிட்டது. அவருடைய உள்ளங்கை வெளுத்து மெழுகுபோல் ஆனது.

ஒரு செவ்வாய்க்கிழமை ரிக்கார்டு ரூமிலிருந்து எழுந்து வரும்போது விழுந்து, அலமாரி முனையில் நெற்றி கிழிந்தது. ஹெட் குமாஸ்தாவும் கச்சேரி சேவகனும் வீட்டுக்குத் தாங்கி வந்தார்கள். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "பைல் இன்னும் முடியல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் என் கெட்டிக்காரத்தனம் எனக்கு அருவருப்பாகத் தெரிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன். டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன், தோளைத் தூக்கியதையும் சேர்த்து. அவர் முகம் சிவந்தது.

"உங்க வீட்டுக்காரர் வேலை மட்டும்தானா போகும்? கீழே என் கையெழுத்து இருக்கு அம்மா. இப்ப லீவுக்கு எழுதிக் கொடுத்தா, அன்னைக்கு நான் பார்க்காமலே எழுதினேன்னு ஆகும்."

"எழுதினாலும் லீவு இல்லீங்க" என்றேன்.

அலமாரியைத் திறந்து கொயினாப் பொட்டலங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். கோபம் குறையவில்லை. "மூணு வாரம் ஒரு வேளைகூட விடாமல் கொயினா உள்ளே போகணும். கச்சேரிக்குப் போய்க்கிட்டேதான் சாப்பிடணும், வேற வழி இல்லை. காது அடைச்சுப் போகும், பயப்படாதீங்க. அவரை இங்கே கூட்டிக்கிட்டு வராதீங்க. மண்ணீரல் எத்தனை விரல்னு அளக்கத்தான் கத்துக்கிட்டீங்களே. வாரம் ஒருமுறை அளந்து வந்து சொல்லுங்க."

ஒரு வேளையும் தப்பாமல் கொடுத்தேன். மோரை நிறுத்தினேன். நான்காம் நாளே அவருக்குக் காதுக்குள் வண்டு இரைவதுபோல ஆகி, எதுவும் கேட்கவில்லை. அதிகாரி கூப்பிட்டால் ஹெட் குமாஸ்தா இவரைத் தொட்டு எழுப்பி, சொன்னதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். வீட்டில் நான் பேசினால் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் வீட்டிலும் காது அடைத்தால் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சூடு என்று யார் சொன்னாலும், சொல்கிறவர்களைத் தயங்காமல் வெளியே அனுப்பிவிட்டு மருந்தைக் கொடுங்கள்.

அடுத்த வாரத்தில் ஒரு காய்ச்சல் நாள். இரண்டு மணி ஆனதும் எனக்குச் சமையலறையில் நிற்க முடியவில்லை. தெருவில் யாரையாவது தாங்கி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தரை மணிக்கு அவர் தனியாக நடந்து வந்தார். "வரல" என்றார். காது கேட்காததால் கத்திச் சொன்னார். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, யார் வரவில்லை என்று கேட்டாள்.

மூன்று விரல், இரண்டு விரல், ஒரு விரல். மழைக்காலம் முடியும்போது மண்ணீரல் கைக்குத் தட்டவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கடைசிவரை. ஆனால் "இனி வர வேண்டாம்" என்று சொன்னபோது எழுந்து நின்று சொன்னார். காது முக்கால்வாசி திரும்பியது. இடது காது இப்போதும் மந்தம்தான்.

ஒரு வருஷம் போனது. வேலை பார்க்கப் பார்க்கப் புதிதாக லீவு சேரும் என்று ஹெட் குமாஸ்தா சொன்னார். சேர்ந்தது. இவர் ஒரு நாள்கூட எடுக்கவில்லை. தங்கை கல்யாணத்துக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாயங்காலமே திரும்பினார். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது ஒரு நாள், ஒரே ஒரு நாள் வீட்டில் இருங்கள் என்று நான்தான் நச்சரித்து எழுதிக் கொடுக்க வைத்தேன்.

அன்று காலையில் குளித்தார், சாப்பிட்டார், கூடத்தில் உட்கார்ந்தார். பத்து மணி அடித்ததும் எழுந்து நடந்தார். தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். பதினொரு மணிக்கு "கடைப்பக்கம் போயிட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியும். கச்சேரி வராந்தாவில், மனுக் கொடுக்க வந்தவர்கள் உட்காரும் பெஞ்சியில், அவர்களோடு ஒருவராக உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

"வீட்டுக்கு வாங்க" என்றேன், வலது காதுப் பக்கமாகக் குனிந்து.

"வீட்டுல இருந்தா காய்ச்சல் வந்த மாதிரியே இருக்கு" என்றார். "இங்கன உக்காந்தாத்தான் நல்லா இருக்கேன்னு தோணுது. நீ போ, அஞ்சு மணிக்கு வந்துர்றேன்."

கோபம் வரவில்லை, துக்கம்தான் வந்தது. மணி அப்போது மூன்று. பக்கத்தில் இருந்த கிழவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நானும் அந்தப் பெஞ்சியில் உட்கார்ந்தேன்.