தாய்மாமன் தின்ற முதல் கரண்டி

எனக்குப் பத்து வயது நடக்கும்போது நான் தாய்மாமன் ஆனேன். அந்தப் பதவிக்கு எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. பல்லாவரத்து ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று அப்பா என் தோளைத் தட்டி, "இனிமே நீ மாமன்டா, டவுசர ஒழுங்கா போடு" என்றார். அவ்வளவுதான்.

அனகாபுத்தூரில் எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் வெட்டும் வேலை. அம்மா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். அக்கா மூன்றாவதோடு நின்றவள். ஆகவே வீட்டுக்குள் வரும் எந்தக் காகிதமும் என் கைக்குத்தான் முதலில் வரும். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது அக்காவின் மாமியார் கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு மாவு டப்பாவோடு வந்தார். அதுவும் என் கைக்கு வந்தது.

டப்பா முழுக்க இங்கிலீஷ். நான் தடவித் தடவிப் படித்துவிட்டு, "பால் பவுடர், கோதுமை, அப்புறம் நெறைய நம்பர் போட்டுகீது" என்று அறிவித்தேன்.

"நம்பரா? பச்சப் புள்ளைக்கு நம்பர இன்னாத்துக்குக் குடுக்கணும்?" என்றாள் அம்மா.

மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலம் இருந்த இடத்தில் இப்போது நான்கு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். "எங்க வீட்டுப் பசங்க எல்லாம் இதத் தின்னுதான் வளந்துச்சுங்க. மில்லு மாவுன்னா எதுக்கு மேல எத அரைச்சாங்களோ, யாருக்குத் தெரியும்?"

"அத நான் பாத்துக்கறேன் சம்பந்தி. மொத வாய் எங்க கேவுருதான்."

கேவுரு என்பது கேழ்வரகு. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஆறு மாதம் முடிந்ததும் எங்கள் வீட்டில் வைத்து, தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து, அம்மா செய்த கூழை ஊட்டுவது. குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அப்புறம் டப்பாதான், பேச்சே கிடையாது. அக்கா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊட்டி முடித்த மறுவாரம் அவள் மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவள். பந்தயத்தில் தோற்றால் அதைத் தினமும் காதால் கேட்கப்போகிறவள் அவள்தான் என்பது எனக்கே ஓரளவு புரிந்தது.

அம்மா அந்த ஒரு கிலோ கேழ்வரகோடு பட்ட பாட்டை நான் எந்தப் பாடத்தோடும் பட்டதில்லை. ஏழு தண்ணீரில் கழுவினாள். ஒரு ராத்திரி ஊறவைத்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். இரண்டாம் நாள் பிரித்தபோது ஒவ்வொரு மணிக்கும் வெள்ளையாக ஒரு வால் முளைத்திருந்தது. மாடியில் நிழலில் உலர்த்தினோம். புறாக்களை விரட்டும் வேலை எனக்கு. பிறகு வாசம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவைத்து, தூக்குச்சட்டியில் நிரப்பினாள். சட்டியில் அடங்காத மிச்சத்தை ஒரு டம்ளரில் போட்டு அலமாரியில் வைத்தாள்.

"மில்லுல நமக்கு முன்னாடி யாரு இன்னா அரைக்கிறாங்கன்னு பாரு. அரிசி, கோதுமைன்னா பின்னாடியே போடு. மொளகா, மல்லின்னா நவுந்துக்க. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல. சொன்னது மண்டையில ஏறிச்சா?"

"நான் மாமன்மா" என்றேன். அதைவிடப் பெரிய உத்தரவாதம் அப்போது என்னிடம் இல்லை.

மாவு மில்லில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, பாத்திரங்கள்தான் நிற்கும். மில்காரர் அந்த வரிசைப்படி ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொட்டுவார். வழக்கமாக மிளகாய்க்குத் தனி மிஷின் ஓடும். அன்று அதன் பெல்ட் அறுந்துபோய் எல்லாவற்றுக்கும் ஒரே மிஷின். எனக்கு முன்னால் ஒரு பக்கெட்டில் பச்சரிசி. நான் ராஜாவைப் போல நின்றேன். அப்போது கூடையோடு யாரோ ஓர் அக்கா வேர்த்து விறுவிறுத்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"சார், உங்க தூக்கா இது? கொஞ்சம் வழி வுடு சார். ரெண்டே கிலோ. பெரிய மனுசன் மாதிரி கீற, பஸ்ஸு போயிடும்."

என்னை வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சார் என்று கூப்பிட்டார். தாய்மாமனாக இருப்பது வெளியிலும் தெரிகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். கூடையில் என்ன என்று கேட்பது பெரிய மனிதர்கள் செய்கிற காரியமாகத் தோன்றவில்லை. என் தூக்கை ஒரு சாண் பின்னால் தள்ளிவைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு மீனம்பாக்கத்துக்கு இறங்கியது. தினமும் பார்ப்பதுதான். இருந்தாலும் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தபோது என் மாவு தயாராக இருந்தது.

அரைத்த மாவு சூடாக இருக்கும்போது வரும் வாசனை எனக்குப் பிடிக்கும். பாதி வழியில் மூடியைத் திறந்து முகர்ந்தேன். தும்மினேன். மறுபடி முகர்ந்து மறுபடி தும்மினேன். நான்காவது தும்மலில்தான் அந்தக் கூடையில் என்ன இருந்தது என்பது எனக்கு விளங்கியது.

வாசலிலேயே அம்மா கேட்டாள். "யாரு பின்னாடி அரைச்ச?"

"அரிசி" என்றேன்.

அம்மா மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். "நைசாத்தான் கீது. போய் மூஞ்சி கழுவு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தப்பித்தேன் என்று நினைத்தேன். தப்பித்தது நான் மட்டும்தான், குழந்தை தப்பவில்லை என்ற நினைப்பு படுத்தபிறகுதான் வந்தது.

மறுநாள், ஊட்டுகிற அன்று, காலையில் மிக்சி வெகுநேரம் ஓடியது. ஆனால் இட்லிக்குச் சட்னி வரவில்லை, பொடிதான் வந்தது. அன்றிருந்த நிலையில் எனக்குப் பொடியும் இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அடுப்படிக்குப் போனேன். இரண்டு தடவையும் அம்மா, "போடா, வேல கீது" என்று துரத்திவிட்டாள். பத்து மணிக்குக் கோவிலம்பாக்கத்துக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கிவிட்டார்கள்.

என்னைப் புதுச்சட்டை போட்டுப் பாயில் உட்காரவைத்தார்கள். மடியில் குழந்தை. மாமியார் கொண்டுவந்த வெள்ளிக் கிண்ணத்தில் அம்மா கூழை ஊற்றிக் கொடுத்தாள். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பல்லே இல்லாத வாயால் என்னைப் பார்த்துச் சிரித்தது. மாமியார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டப்பா அவர் பைக்குள் இருப்பது எனக்குத் தெரியும்.

கரண்டியில் கூழை எடுத்தேன். குழந்தையின் வாய்வரைக்கும் கொண்டுபோனேன். அங்கிருந்து அது எப்படி என் வாய்க்கு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவின் புருஷன், "இன்னா மச்சான், உனக்கும் ஆறு மாசந்தானா?" என்றார். நான் இரண்டாவது கரண்டியையும் தின்றேன். சிரிப்பு குறைந்தது. மூன்றாவது, நான்காவது. "டேய், அப்பா பாக்குது, இன்னாடா பண்ற நீ" என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்குத் தொண்டை எரிந்தது, காது எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. இந்தக் காரத்தைக் குழந்தை எப்படித் தாங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டுக் கவிழ்த்துவைத்தேன்.

அம்மா எழுந்தாள். உள்ளே போய்ச் சட்டியோடு வந்தாள். கிண்ணத்தை நிமிர்த்தி மறுபடி நிரப்பினாள். "மாமன் ருசி பாத்துட்டான் சம்பந்தி. எங்கள்ல அப்படித்தான். தனக்கு ஒத்துக்குதான்னு பாத்துட்டுத்தான் மருமவளுக்கு ஊட்டுவான்" என்றாள். அப்படி ஒரு பழக்கத்தை நானும் அப்பாவும் அப்போதுதான் கேள்விப்பட்டோம். அப்பா பலமாகத் தலையை ஆட்டினார்.

நான் கரண்டியைத் தொடவில்லை. அம்மா குனிந்து என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "ஊட்டு கண்ணு. ஒண்ணும் ஆவாது" என்றாள். இரண்டு பேர் கையும் சேர்ந்துதான் அந்தக் கரண்டியைக் கொண்டுபோயிற்று. குழந்தை நாக்கால் ஒருமுறை தள்ளியது. பிறகு சப்புக்கொட்டியது. பிறகு கரண்டியையே பிடித்து இழுத்தது. எதற்கும் அசையாத பெண், என்ன நெஞ்சழுத்தம் என்று வியந்துபோனேன். மாமியார் பையின் வாயை மூடினார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் குழந்தை இப்போது ஒன்பதாவது படிக்கிறாள், டப்பாவில் உள்ள நம்பருக்கெல்லாம் எனக்கு அர்த்தம் சொல்கிறாள். போன மாதம் கோவிலம்பாக்கத்தில் அக்காவின் நாத்தனார் குழந்தைக்குச் சோறூட்டினார்கள். அக்காவின் புருஷன் முதல் கரண்டியைத் தானே தின்றார். தாய்மாமன் ருசி பார்ப்பது பரம்பரை வழக்கம் என்று அந்த மாமியார் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று கூழ் ஊட்டி முடித்து அக்கா மாமியார் வீட்டுக்குப் போனபிறகு அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சாயங்காலம் கேழ்வரகு அடைதான். என் தியாகத்துக்கு அம்மா தரும் பரிசு என்று நம்பி, கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றேன். அடை நன்றாக உறைத்தது. அம்மா உப்பும் வெங்காயமும் போட்டுப் பிசைவதைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மிளகாயை அவள் தொடவே இல்லை. அலமாரியில், மில்லுக்குப் போகாத மிச்சக் கேழ்வரகு இருந்த அந்த டம்ளர் காலியாகக் கவிழ்ந்திருந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டேதான் இன்னொரு அடை கேட்டேன்.