மாடிப்படித் தமிழ்

என் மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது அவள் வாயை நான் மூடினேன். இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் விருப்பமில்லை. சிதம்பரத்தில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தோம். கணவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நான் கீரப்பாளையத்தில் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். நாலு பேர் இங்கிலீஷ் பேசுகிற இடத்தில் நின்றால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று எல்கேஜியிலேயே இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம்.

அதுவரை அவளுக்கு வாய் ஓயாது. பால் பொங்கினால் அது ஏன் பொங்கியது, அதற்கு யார் மேல் கோபம் என்று ஐந்து நிமிஷம் பேசுவாள். பள்ளியில் சேர்த்த மூன்றாம் மாதம் அவளுடைய மிஸ் எங்களைக் கூப்பிட்டார். வகுப்பில் தமிழிலேயே பேசுகிறாள், பக்கத்துப் பிள்ளைகளையும் பேச வைக்கிறாள், இப்படியே போனால் யூகேஜிக்கு அனுப்ப முடியாது என்றார். வீட்டில் தமிழே கூடாது என்று சொல்லி ஒரு தாளையும் கொடுத்தார்.

தாளின் இடப் பக்கம் ஒரு செயல், வலப் பக்கம் ஒரு பொருள். ப்ரஷ் டீத். டேக் பாத். வேர் ஷூஸ். ட்ரிங்க் மில்க். டூ ஹோம்வொர்க். சே சாரி. இப்படி இரண்டு இரண்டு வார்த்தையாகத் தாள் முழுக்க இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே இருங்கள், குழந்தை தானாகப் பிடித்துக்கொள்ளும் என்றார். பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று நினைத்தேன். அன்றைக்கே அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். மகள் காதில் ஒரு தமிழ் வார்த்தை விழக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். நானும் கணவரும் ஏதாவது பேச வேண்டுமென்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியே மாடிப்படிக்குப் போய்விடுவோம். காஸ் தீர்ந்துபோனது, சொந்தக்காரர் கல்யாணம், எங்கள் சண்டை, சமாதானம் எல்லாம் படியில்தான் நடந்தது. "நம்ம என்ன திருட்டு சாராயமா விக்கிறோம்?" என்று முதல் வாரம் அவர் சிரித்தார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது.

ஒரு நாள் நாங்கள் படியில் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். மகள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, நானும் வரேன்" என்றாள். நான் "க்ளோஸ் டோர்" என்றேன். அவள் சாத்திக்கொண்டாள்.

குமராட்சியிலிருந்து என் தம்பி பனம்பழம் எடுத்துக்கொண்டு வந்தான். வாசலிலேயே குரல் கொடுத்தபடி வந்து அவளைத் தூக்கப் போனவனை, பேசாதே என்று வாயில் விரல் வைத்துத் தடுத்துப் படிக்கு அழைத்துப் போனேன். விஷயத்தைக் கேட்டவன், "ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சாக்கா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமலே பஸ் ஏறினான். அவனுக்கென்ன தெரியும் என்று எனக்கு அவன் மேல்தான் எரிச்சல்.

என் கையில் இருந்ததெல்லாம் அந்த ஜோடி வார்த்தைகள்தான். அவற்றை வைத்து வேலை வாங்கலாம், வேறு என்ன செய்ய முடியும்? அவளைக் கொஞ்ச என்னிடம் இங்கிலீஷ் இல்லை. திட்டக்கூட இல்லை. முன்பெல்லாம் தூங்க வைக்கக் கதை சொல்லிக்கொண்டிருந்த நான், இப்போது விளக்கை அணைத்து "க்ளோஸ் ஐஸ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அவள் இருட்டில் என் சேலை நுனியைப் பிடித்துக்கொள்வாள். என் பட்டு, என் செல்லம் என்று தொண்டை வரை வரும், விழுங்கிக்கொள்வேன்.

ஐப்பசி மழை ஆரம்பித்தபோது அவள் எல்லாவற்றையும் பழகியிருந்தாள். எதைச் சொன்னாலும் உடனே செய்தாள். வகுப்பில் தொந்தரவே இல்லை, நல்ல முன்னேற்றம் என்று மிஸ் பாராட்டினார். நான் பூரித்துப்போனேன். அவள் தானாக வாயைத் திறந்து எத்தனை நாளாகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. பெற்ற வயிறு என்கிறார்கள், எனக்கு அது உறைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ட்ரிங்க் மில்க்" என்றேன். பாதி குடித்தாள். மறுபடியும் வந்து நின்றாள். "டூ ஹோம்வொர்க்" என்றேன். போய் உட்கார்ந்து எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணிலிருந்து நீர் வழிய எழுதிக்கொண்டிருந்தாள். எழுதச் சோம்பல், அதற்குத்தான் அழுகை என்று நினைத்துக்கொண்டேன். என்னை எதால் அடிப்பது?

சனிக்கிழமை காலையில் வாந்தி எடுத்தாள், உடம்பு கொதித்தது. பக்கத்து கிளினிக்கில் கொடுத்த மருந்தும் உள்ளே தங்கவில்லை. மத்தியானம் கார் பிடித்துக் கடலூரில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க மழை. என் மடியில் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தாள். கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள், சத்தம் மட்டும் வரவில்லை.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். காலையிலிருந்து என்றேன். குழந்தை சொன்னாளா என்றார். இல்லை, வாந்தி எடுத்த பிறகுதான் எங்களுக்கே தெரியும் என்றேன். குடல்வால் வீங்கியிருக்கும் போலிருக்கிறது என்றார். இன்று ஆரம்பித்த வலி என்றால் ஸ்கேன் எடுத்துப் பொறுத்துப் பார்க்கலாம், நேற்றே ஆரம்பித்திருந்தால் உள்ளே வெடித்திருக்கவும் கூடும், பொறுக்க நேரமில்லை, உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்.

அவர் அவளிடம் குனிந்தார். "பாப்பா, வயிறு எப்பலேர்ந்து வலிக்குது? மாமாகிட்ட சொல்லு."

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மெல்ல ஆரம்பித்தாள்.

"ட்ரிங்க் மில்க். டூ ஹோம்வொர்க். க்ளோஸ் டோர். சே சாரி."

நான் சொன்னதையெல்லாம் செய்துவிட்டதாக எனக்குக் கணக்கு ஒப்பிக்கிறாள். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கட்டில் ஓரத்தில் மண்டி போட்டு அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"தமிழ்லயே சொல்லுடி என் பட்டு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்லுடி."

அவள் டாக்டரைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள்.

"படிக்குப் போலாமா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் யாரிடமும் கேட்கவில்லை, அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நர்ஸ் தடுக்க வந்தார், டாக்டர் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு எங்கள் பின்னாலேயே வந்து நின்றார். வராந்தா முனையில் மேலே போகிற படிக்கட்டு இருந்தது. ஆட்கள் செருப்பு ஈரத்தோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நேத்தே வலிச்சிச்சிம்மா" என்றாள். "ஸ்கூல்லயே வலிச்சிச்சி. ரொம்ப ஜாஸ்தியா. நீ வீட்டுக்குள்ளயே இருந்தியா, அதான் சொல்லல."

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். தமிழ் பேசுகிற இடம் படி. நான் படிக்கு வரட்டும் என்று ஒரு முழு நாள் வலியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

ஒரு மணி நேரத்துக்குள் ஆபரேஷனுக்கு எடுத்துப் போனார்கள். வெடித்துத்தான் இருந்தது. பன்னிரண்டு நாள் அங்கேயே கிடந்து, பிழைத்து வந்தாள். வீட்டுக்கு வந்த அன்று ஃப்ரிட்ஜிலிருந்து தாளைக் கிழித்துப் போட்டேன். கூட்டுக்கும் குழம்புக்கும் நடுவே நாள் முழுக்கத் தமிழில் பேசினேன், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலி வரும் அளவுக்குப் பேசினேன்.

இப்போது அவள் நாலாவது படிக்கிறாள். இங்கிலீஷ் நன்றாகவே வருகிறது. வீட்டில் தமிழில்தான் பேசுகிறாள், சாப்பாடு, சினேகிதி, டீச்சர் என்று எல்லாம் பேசுகிறாள். ஆனால் மனசுக்குள் ஏதாவது இருந்தால் மட்டும் வீட்டுக்குள் சொல்வதில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்குப் போய், கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்கிறாள். இங்கேயே சொல்லேன்டி, அம்மாதானே என்று எத்தனையோ தடவை கெஞ்சிவிட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறாள்.