மிளகாய்க் கிட்டங்கியைத் திறந்த ஜெபம்

சபையில் சாட்சி சொல்ல ஐந்து நிமிடம்தான் என்று போதகர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பால்வாடி டீச்சராகக் காலமெல்லாம் பேசியே பழகிய வாய் இது. முடிந்தவரை சுருக்குகிறேன், ஆண்டவர் உதவி செய்வாராக.

போன வருடம் தை மாதம் என் வீட்டுக்காரர் ஞானமுத்து காட்டுவேலைக்குப் போன இடத்தில் சீமைக்கருவேல முள்ளை மிதித்துவிட்டார். அவருக்கு வெகுநாளாகச் சர்க்கரை. முள் ஏறினதே தெரியவில்லை. தெரிந்தபோது பெருவிரல் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. மதுரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, வாரா வாரம் வந்து காட்ட வேண்டும், விட்டால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஊரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மதுரைக்கு ஒரு பஸ். சில வாரம் போனோம். ஒருநாள் கிளம்பச் சொன்னால் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பஸ் குலுக்கலில் உயிர் போகிறது, கால் போனால் போகட்டும், இனி வரமாட்டேன் என்றார். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் இருந்தேன். அவர் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

தனியாக மதுரைக்குப் போய் டாக்டரம்மாவிடம் அழுதேன். அப்போதுதான் அவர் ஒரு வழி சொன்னார். ஊரிலேயே ஓர் அறையில் திரை, காமிரா, பிரஷர், சர்க்கரை பார்க்கிற கருவிகள் எல்லாம் வைப்பார்களாம். டாக்டர் மதுரையில் உட்கார்ந்தபடியே நோயாளியைப் பார்ப்பாராம். கருவி ஆஸ்பத்திரியுடையது. நர்ஸ் படித்த ஒரு ஆள், கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரி, நெட் நிற்காமல் வருகிற அறை, இவை மூன்றும் ஊர் கொடுக்க வேண்டும். பங்குனிக்குள் தயாராகாவிட்டால் கருவி வேறு ஊருக்குப் போய்விடும்.

போதகர் கமிட்டி போட்டார். முதல் கூட்டத்தில் வடை யார் வாங்குவது என்று முடிவானது. இரண்டாவது கூட்டத்தில் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டுவது யார் என்று சண்டை. பிள்ளையே பிறக்கவில்லை, பேர் வைக்கப் பஞ்சாயத்து. நான் எழுந்து, என் வீட்டில் ஒரு மனுசன் காலை இழக்கப்போகிறான், உங்களுக்கு ரிப்பனா என்று சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு வேலை நகர்ந்தது. நர்ஸ் படித்துவிட்டுக் கைப்பிள்ளையோடு வீட்டில் இருந்த என் தம்பி மருமகள் ஜெபா சம்மதித்தாள். வாலிபர் சங்கம் கிறிஸ்துமஸ் விளக்குக்காக வாங்கிய பேட்டரியை மனசில்லாமல் கொடுத்தது. அறைதான் அமையவில்லை. ஆலயத்தை ஒட்டி ஒரு அறை சும்மா கிடந்தது. ஆனால் அதற்குள் போனில் ஹலோ சொன்னால், அடுத்த வார்த்தைக்குக் கண்மாய்க் கரைக்கு ஓட வேண்டும்.

நெட் வயர் எங்கள் ஊரில் வந்து நிற்பது ராஜபாண்டி அண்ணாச்சி மளிகைக் கடையில்தான். கடையை ஒட்டி அவர் மூட்டை அடுக்கி வைக்கிற மிளகாய்க் கிட்டங்கி. படி ஏற வேண்டாம், ரோட்டோரம், அளந்து செய்த மாதிரி இடம். ஆனால் அவரிடம் எந்த முகத்தோடு போவேன்? ஆலயத்து ஸ்பீக்கர் குழாய் கடையைப் பார்த்து இருக்கிறது, மதியம் கண் அசர முடியவில்லை, கொஞ்சம் திருப்பி வையுங்கள் என்று அவர் கேட்டு வந்தபோது, தூங்குகிறவனை எழுப்பத்தான் சுவிசேஷம் என்று சொல்லி அனுப்பியவள் நான். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. கடுகு வாங்கக்கூட பந்தல்குடிக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லோரும் கஞ்சி குடிக்கப் போய்விட்டார்கள். மைக் செட்டை அணைக்க வேண்டியவர் கஞ்சிக்கு முதல் ஆளாகப் போயிருந்தார். அது எனக்குத் தெரியாது. பலிபீடத்தின் முன்னால் தனியாக முழங்கால் போட்டேன். மைக் என் தலைக்கு நேராக நின்றது.

"ஆண்டவரே, அந்தக் கிட்டங்கி எங்களுக்கு வேணும். நான் போயிக் கேக்க மாட்டேன், நீங்க கேளுங்க. மேக்க பாத்த கடை. மதியம் தூங்கிருவாரு, அதுக்கு முந்தியே போயிருங்க. கல்லு மனசு, கொஞ்சம் அழுத்திப் பேசுங்க" என்றேன். அதோடு எழுந்திருக்கலாம். முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரு காலை எடுத்துட்டா அவுக இருக்க மாட்டாக. அவுக போயிட்டா நான் யாரு கூடச் சண்டை போடுவேன், ஆண்டவரே" என்று தேம்பினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் தெருவே நிற்கிறது. டீக்கடையில் கிளாஸைப் பிடித்தவர்கள் பிடித்தபடி நிற்கிறார்கள். ஸ்பீக்கர் விசயம் புரிந்ததும், பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. எதிரே அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வருகிறார். இன்றைக்குச் செத்தோம் என்று நினைத்தேன்.

அவர் ஆலய வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "டீச்சர், எங்க குலசாமி கோவம் எனக்குத் தெரியும், சமாளிச்சிருவேன். உங்க சாமி எப்படின்னு தெரியல. அது வந்து கேக்குறதுக்கு முன்னாடி இந்தாங்க" என்று சாவியை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பாவுக்கும் காலு இப்படித்தான் போச்சு. நீங்க நேரா வந்து கேட்டிருந்தா குடுக்க மாட்டேனாக்கும்?"

மூட்டைகளுக்கு இடம் வேண்டுமே? ஆலயத்தை ஒட்டிய அறைக்கு மாற்றினோம். அந்த நெடியில் போதகரின் பிரசங்கம் பாதியாகக் குறைந்தது. இதற்காகவும் நெடுநாளாக ஜெபித்தவர்கள் சபையில் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

கிட்டங்கியைக் கழுவி வெள்ளை அடித்தும் காரம் போகவில்லை. முதல் நாள் திரையில் டாக்டரம்மா வந்ததும் இவர் தும்மினார், ஜெபா தும்மினாள், நான் தும்மினேன், வாசலில் எட்டிப் பார்த்த அண்ணாச்சியும் தும்மினார். ஊருக்கே சளியா என்று கேட்டார் டாக்டரம்மா. பாதியில் கரண்ட் போனது. கிறிஸ்துமஸ் பேட்டரி தாங்கியது.

பிறகு வாரா வாரம் இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜெபா புண்ணைச் சுத்தம் செய்வாள், டாக்டரம்மா பார்த்துச் சொல்லச் சொல்லக் கட்டுப்போடுவாள். வைகாசியில் ஒருநாள் டாக்டரம்மா காமிராவைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். திரையில் அவர் முகம் அசையவே இல்லை. நெட் நின்றுவிட்டதோ என்று நான் திரையைத் தட்டப் போனேன். அப்போதுதான், புண் மூடிவிட்டது, கால் தப்பியது என்றார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இவர் தன் பெருவிரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அழுகாத புள்ள. சண்டைக்கு ஆளு இருக்கு" என்றார்.

இப்போது கடுகு அண்ணாச்சி கடையில்தான். வாரம் முழுக்கச் சுற்றுப்பட்டி ஆட்கள் கிட்டங்கிக்கு வந்து தும்மிக்கொண்டே டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நன்றிக்கடனாக நானே ஸ்பீக்கர் குழாயைக் கண்மாய்ப் பக்கம் திருப்ப ஆள் கூட்டி வந்தேன். அண்ணாச்சிதான் ஓடிவந்து தடுத்தார்.

"இருக்கட்டும் டீச்சர். யாருக்கு என்ன வேணும்னு எனக்கும் தெரியணும்ல."

ஆகையால் அன்பானவர்களே, நம்பிக் கேளுங்கள். நாம் பேச மறுக்கிற மனுசன் கையில்கூட ஆண்டவர் சாவியைக் கொடுத்து வைத்திருப்பார். கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள்.