பன்னிரண்டு மாதம் பொறுக்கச் சொன்னேன்

1. சனிக்கிழமை வந்தவர்கள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் பதினாறு வருடம் விசா, குடியுரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் கேஸ்வேர்க்கராக இருந்தேன். வென்ற கேஸ்கள் நிறைய உண்டு. ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்ல வேண்டியது சுமதியின் ஃபைலைப் பற்றித்தான்.

2008 கடைசியில் ஒரு சனிக்கிழமை சுமதியும் கணவர் நந்தனும் வந்தார்கள். மனோர் பார்க்கில் வீடு. நந்தன் பஸ் டிரைவர். அகதியாக வந்து பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். சுமதி அவரை மணமுடித்து வந்து மூன்றரை வருடம். அதற்கென்று எழுத வேண்டிய பரீட்சையில் ஒருமுறை தவறியதால் நிரந்தர விசா தள்ளிப்போய், அந்த வாரம்தான் கையில் கிடைத்திருந்தது.

"அண்ணை, இனி இவவுக்கு சிட்டிசன்ஷிப் போடேலும்தானே?" என்று நந்தன் கேட்டார்.

"நிரந்தர விசா கிடைச்சு ஒரு வருஷம் போகவேணும். பன்னிரண்டு மாதம் பொறுங்கோ."

சுமதியின் இலங்கை பாஸ்போர்ட் அடுத்த ஆடியில் முடிகிறது, புதுப்பிக்கவா என்றும் கேட்டார்கள். "பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்கப்போறியள், பிறகேன்?" என்றேன்.

ஒரு வருடக் காத்திருப்பு ஐந்து வருட விதியில் வருகிறவர்களுக்கு. பிரிட்டிஷ் பிரஜையின் கணவனோ மனைவியோ என்றால் மூன்று வருடம் இங்கே வசித்திருந்தால் போதும். விண்ணப்பிக்கும் நாளில் நிரந்தர விசா கையில் இருந்தால் சரி. சுமதி அன்றைக்கே விண்ணப்பித்திருக்கலாம். நான் சட்டப் புத்தகத்தைத் திறக்கவில்லை. நூறு பேருக்குச் சொன்ன பதிலை அவருக்கும் சொன்னேன்.

2. திறந்த புத்தகம்

ஐந்து மாதத்தில், ஷிப்டுக்குப் புறப்பட்ட நந்தன் வாசலிலேயே மாரடைப்பில் விழுந்து இறந்துபோனார். முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்தபின் சுமதி தனியாக வந்தார். கையில் குடியுரிமைப் படிவம். நந்தனே உட்கார்ந்து எல்லாப் பக்கமும் நிரப்பி வைத்திருந்தார். தேதி மட்டும் போடவில்லை.

"இதை இப்ப அனுப்பேலுமோ அண்ணை?"

அப்போதுதான் புத்தகத்தைத் திறந்தேன். விண்ணப்பிக்கும் நாளில் பிரஜை ஒருவரின் மனைவியாக இருக்க வேண்டும். சுமதி இப்போது விதவை. மூன்று வருட வழி மூடிவிட்டது. அதே பக்கத்தில் என் பிழையும் இருந்தது.

உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன். "அதை அவவுக்குச் சொல்லாதையும். கேஸ் போட்டா நாங்கள் கதவை மூடவேண்டியதுதான்" என்றார்.

திரும்பி வந்து, "இனி, நீங்கள் வந்து ஐஞ்சு வருஷம் முடியவேணும் தங்கச்சி" என்றேன்.

"அவர் செத்ததாலையோ?"

"ஓம்."

சுமதி எழுந்து போனால் போதும் என்றிருந்தது எனக்கு. பாஸ்போர்ட்டைப் பற்றி நினைக்கவேயில்லை. அது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

3. திருச்சி

அந்த வருடக் கடைசியில் திருச்சியில் அக்காவோடு இருந்த சுமதியின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பாஸ்போர்ட் ஆடியிலேயே காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கும் விண்ணப்பம் கொழும்புக்குப் போய் வர மாதக்கணக்கு ஆகும் என்று இலங்கைத் தூதரகத்தில் சொன்னார்கள். அம்மா அத்தனை நாள் இருக்கவில்லை. அக்கா போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, சுமதி மனோர் பார்க் வீட்டிலிருந்து செத்தவீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து வருடம் முடிந்ததும் விண்ணப்பித்தோம். கிடைத்தது. நன்றி சொல்லக் கேக் பெட்டியோடு வந்தார். அன்று முதலாளி இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

கேக் பெட்டியை மேசை ஓரத்தில் வைத்தார். பிறகு, "முதல் வந்த அண்டைக்கு பஸ்சில போகேக்க, இவர் வேற லோயரிட்டயும் கேப்பம் எண்டவர். நான்தான் அவரை ஏசினனான். அண்ணைக்குத் தெரியாததோ எண்டு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து போனார். பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வரவேயில்லை. கேஸும் போடவில்லை, போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு: ஆளைப் பொறுக்கச் சொல்லுமுன் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பிழை விட்டால், தெரிந்த அன்றே அந்த ஆளிடம் சொல்லுங்கள். முதல் பிழை அறியாமல் வந்தது; இரண்டாவதை, அதை மறைத்ததை, அறிந்தே செய்தேன். அவர் படிவத்தோடு வந்த அன்றே நான் வாய் திறந்து, பாஸ்போர்ட்டை உடனே புதுப்பியுங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சுமதி தாயின் முகத்தைப் பார்த்திருப்பார்.